பாதிப்பேர் ராஜினாமா செய்தபின் கோரம் எத்தனை? நான்கு விதிகளின் ஒப்பீடு

"எங்கள் நிர்வாகக் குழுவில் 12 இடம். ஏழு பேர் ராஜினாமா செய்துவிட்டார்கள். மீதி ஐந்து பேர் கூடித் தீர்மானம் போட்டால் செல்லுமா?"

இந்தக் கேள்வி பல வடிவங்களில் வருகிறது. கேட்பவர் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளராக இருக்கலாம், பள்ளி நடத்தும் சங்கத்தின் பொருளாளராக இருக்கலாம், நண்பர்களோடு பிரைவேட் லிமிடெட் ஆரம்பித்த இயக்குநராகவும் இருக்கலாம். கூட்டம் செல்ல வேண்டுமானால் குறைந்தது எத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்ற எண்ணிக்கைதான் கோரம். பதில் உங்கள் துணைவிதியில் அது எந்த மாதிரி எழுதப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. ஒரே ஐந்து பேர் ஒரு விதிப்படி தாராளமாகக் கூட்டம் நடத்தலாம், இன்னொரு விதிப்படி டீ குடித்துவிட்டுக் கலைய வேண்டியதுதான்.

துணைவிதி எழுதுகிற நாளில் எல்லோரும் உற்சாகமாக இருப்பார்கள், எல்லா நாற்காலியும் நிரம்பியிருக்கும். "கோரம்: மூன்றில் ஒரு பங்கு" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பிரிவுக்குப் போய்விடுவார்கள். எதில் மூன்றில் ஒரு பங்கு? துணைவிதி அனுமதிக்கும் மொத்த இடங்களிலா, அன்றைக்குப் பதவியில் இருப்பவர்களிலா? காலி நாற்காலியைக் கணக்கில் சேர்ப்பதா, விடுவதா? பலர் ஒரே சமயத்தில் விலகும்போது வருகிற சண்டைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்வியில்தான் தொடங்குகின்றன. துணைவிதியைத் திருத்தப்போகிறவர்களுக்காகவும், புதிதாக எழுதுகிறவர்களுக்காகவும் நான்கு விதிகளை எடைபோட்டுப் பார்க்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில், பலர் ஒரேயடியாகப் போய்விட்டாலும் குழு இயங்குமா என்று பார்க்க வேண்டும். ஆசிரியர் சம்பளம், மின்கட்டணம், வரித் தாக்கல் எதுவும் குழுவுக்குள் நடக்கும் மனஸ்தாபம் தீரும்வரை காத்திருக்காது.

இரண்டாவது, மிஞ்சிய இரண்டு மூன்று பேர் பெரிய முடிவுகளைத் தங்கள் இஷ்டத்துக்கு எடுத்துவிட முடியுமா? நிலத்தை விற்பது, கடன் வாங்குவது, உறுப்பினர்களை நீக்குவது போன்றவற்றை மனதில் வைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, ராஜினாமாவையோ கூட்டத்துக்கு வராமல் இருப்பதையோ யாராவது ஆயுதமாக்க முடியுமா? ஒரு தீர்மானத்தை ஓட்டில் தோற்கடிக்க முடியாதவர்கள் கோரத்தை உடைத்துத் தடுக்கப் பார்ப்பது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

நான்காவது, கணக்கு எளிதா? வங்கி மேலாளரோ பதிவாளரோ வருகைப் பதிவேட்டைப் பார்த்தே அன்று கோரம் இருந்ததா என்று சொல்லிவிட முடிய வேண்டும்.

முதல் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இழுப்பவை. குழு முடங்கக் கூடாது என்று கோரத்தைக் குறைத்தால் சிலர் கையில் எல்லாம் போய்ச் சேரும். சிலர் கையில் போகக் கூடாது என்று கூட்டினால் குழு முடங்கும். இரண்டிலும் முழு மதிப்பெண் வாங்கும் விதி கிடையாது.

## ஒரே குழு, நான்கு கணக்கு

12 இடமுள்ள குழுவில் ஆட்கள் குறையக் குறைய ஒவ்வொரு விதிப்படியும் எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும் என்று பாருங்கள்.

| பதவியில் இருப்பவர்கள் | நிலையான எண் (5 பேர்) | மொத்த இடங்களில் பெரும்பான்மை | இருப்பவர்களில் பெரும்பான்மை | இருப்பவர்களில் பெரும்பான்மை, ஆனால் 4-க்குக் குறையாமல் |
|---|---|---|---|---|
| 12 | 5 | 7 | 7 | 7 |
| 8 | 5 | 7 | 5 | 5 |
| 6 | 5 | முடக்கம் | 4 | 4 |
| 5 | 5 (ஒருவர்கூட வராமல் இருக்க முடியாது) | முடக்கம் | 3 | 4 |
| 3 | முடக்கம் | முடக்கம் | 2 | முடக்கம் |

நமக்கு வந்த கேள்வி ஐந்து பேர் உள்ள வரி. இரண்டாம் விதியில் கூட்டமே கிடையாது. மூன்றாம் விதியில் மூன்று பேர் வந்தால் போதும், அந்த மூவரில் இருவர் கைதூக்கினால் தீர்மானம் நிறைவேறிவிடும். 12 பேருக்காகப் போட்ட குழுவின் முடிவை இரண்டு பேர் எடுத்தார்கள் என்று ஆகும்.

## விதி 1: நிலையான எண்

"ஐந்து பேர் இருந்தால் கோரம்" என்று எண்ணையே எழுதிவிடுவது. யாருக்கும் சந்தேகம் வராது என்பதுதான் இதன் பெரிய பலம். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துகளை எண்ணினால் போதும். ஐந்து அறங்காவலர்களில் மூன்று பேர் என்று எழுதி வைத்திருக்கும் குடும்ப அறக்கட்டளைகளுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது.

ஆட்கள் குறைந்தாலும் எண் குறையாது என்பதுதான் சிக்கல். அமெரிக்க அரசு அமைப்புகளில் இதை அப்பட்டமாகப் பார்க்கலாம். அங்குள்ள கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தில் ஐந்து இடம், கோரம் மூன்று. 2017 பிப்ரவரி தொடக்கத்தில் ஏற்கெனவே இரண்டு இடம் காலியாக இருந்தபோது மூன்றாமவரும் விலகினார். எஞ்சியது இருவர். ஆகஸ்ட்டில் புதியவர்கள் வரும்வரை பெரிய எரிவாயுக் குழாய்த் திட்டங்களுக்கு ஆணையத்தால் அனுமதி கொடுக்க முடியவில்லை.

அங்குள்ள கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தில் ஆறு இடம், முக்கிய முடிவுகளுக்கு நான்கு பேர் வேண்டும். 2019 ஆகஸ்ட் கடைசியில் ஒருவர் விலகியதும் மூவர் மிஞ்சினர். 2020 மே மாதம் ஒருவர் நியமிக்கப்பட்டு, ஜூலை தொடக்கத்தில் இன்னொருவர் விலகியதும் கோரம் மறுபடி போய்விட்டது. அந்த ஆண்டு டிசம்பரில்தான் திரும்பியது. இன்னும் மோசமான கதை அமெரிக்க அரசு ஊழியர்களின் மேல்முறையீடுகளை விசாரிக்கும் வாரியத்தினுடையது. மூன்று இடம், இருவர் கோரம். 2017 ஜனவரி முதல் 2022 மார்ச் வரை, ஐந்து ஆண்டுகளுக்கு மேல், கோரமே இல்லை. 3,500-க்கும் அதிகமான மேல்முறையீடுகள் தேங்கின. வேலையை இழந்து தீர்ப்புக்காகக் காத்திருந்தவர்கள்தான் அந்தக் காலியிடங்களுக்கு விலை கொடுத்தார்கள்.

இந்த அமைப்புகளில் காலியிடத்தை எஞ்சியவர்கள் நிரப்ப முடியாது. குடியரசுத் தலைவர் பெயர் கொடுத்து செனட் ஒப்புதல் தர வேண்டும். நிலையான எண்ணும் வெளியார் நியமனமும் சேர்ந்துவிட்டால் முடக்கம் நீண்டுகொண்டே போகும். உங்கள் அமைப்பில் அரசு நியமன உறுப்பினரோ, தாய் நிறுவனம் அனுப்பும் உறுப்பினரோ இருந்தால் இதைக் கவனியுங்கள்.

இந்த விதியில் கண்ணுக்குத் தெரியாத செலவு இன்னொன்றும் உண்டு. ஏழு பேர் குழுவை ஒருநாள் 15 பேராக விரிவாக்குவார்கள். கோரம் வரியைத் திருத்த மறந்துவிடுவார்கள். ஏழுக்கு நான்கு என்று இருந்தபோது பெரும்பான்மை, 15-க்கு நான்கு என்றால் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது.

## விதி 2: மொத்த இடங்களில் ஒரு பங்கு

இதில் காலி நாற்காலியும் கணக்கில் உண்டு. அமெரிக்காவில் ஏராளமான பெரிய கம்பெனிகள் பதிவாகியிருக்கும் டெலவேர் மாநிலச் சட்டத்தின் பொது ஏற்பாடு இதுதான்: மொத்த இயக்குநர் எண்ணிக்கையில் பெரும்பான்மை. விதிகளில் எழுதினால் மூன்றில் ஒரு பங்குவரை குறைக்கலாம், அதற்கும் கீழே போக முடியாது.

சிறு கும்பல் கையில் அமைப்பு சிக்குவதை இந்த நான்கில் இதுதான் நன்றாகத் தடுக்கிறது. எத்தனை பேர் போனாலும் ஏழு பேர் வேண்டும் என்றால் ஏழு பேர் வேண்டும். இதில் எனக்குப் பிடித்த இன்னொரு குணம், காலியிடத்தைச் சீக்கிரம் நிரப்பச் சொல்லி நெருக்குவது. நிரப்பாவிட்டால் கூட்டம் நடக்காது, கூட்டம் நடக்காவிட்டால் எல்லோருக்கும் கஷ்டம்.

ஆனால் மூன்றாவது அளவுகோலில் இது தோற்றுவிடுகிறது. ராஜினாமா செய்தவர் வெளியே போனபிறகும் அவருடைய நாற்காலி கோரத்துக்கு எதிராக உட்கார்ந்திருக்கிறது. 12 பேரில் ஆறு பேர் பேசிவைத்துக்கொண்டு ஒரே நாளில் விலகினால் மீதி ஆறு பேரால் ஒன்றும் செய்ய முடியாது. ஓட்டெடுப்பு நடந்திருந்தால் ஆறுக்கு ஆறு என்று இழுபறியாகியிருக்கும். விலகியதால் முழுத் தடையே கிடைத்துவிட்டது.

செலவு எப்படி வரும் என்பதைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். பள்ளி நடத்தும் ஒரு சங்கத்தை எடுத்துக்கொள்வோம். காசோலையில் செயலாளரும் பொருளாளரும் கையெழுத்திட வேண்டும். இருவரும் விலகியவர்களில் அடக்கம். கையெழுத்தை மாற்ற வங்கி கேட்பது குழுத் தீர்மானத்தின் சான்றிட்ட நகல். தீர்மானத்துக்குக் கோரம் வேண்டும். கோரத்துக்கு ஆள் இல்லை. கணக்கில் பணம் இருக்கிறது, முப்பதாம் தேதி சம்பளம் போட வழியில்லை. அந்த வாரத்தில் விலகியவர்களிடம் போய் "ஒரு கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போங்கள்" என்று கெஞ்சுவது நடக்கும். பதவியில் இல்லாதவர் போட்ட கையெழுத்து பிறகு தணிக்கையில் வந்து நிற்கும்.

## விதி 3: இருப்பவர்களில் ஒரு பங்கு

காலியிடத்தை விட்டுவிட்டு அன்றைக்குப் பதவியில் இருப்பவர்களை மட்டும் எண்ணுவது. நம் நாட்டுக் கம்பெனிச் சட்டம் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 174-ஆம் பிரிவு சொல்வது: மொத்த பலத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது இரண்டு இயக்குநர்கள், இதில் எது அதிகமோ அது. பின்னம் வந்தால் மேல் எண்ணுக்கு முழுமையாக்க வேண்டும். மொத்த பலம் என்பதில் காலியான இடங்கள் சேராது என்று அதே பிரிவு விளக்கிவிடுகிறது. காணொளி வழியாகக் கலந்துகொள்பவரும் கோரத்தில் சேர்வார்.

ஆகவே 12 இயக்குநர்களில் ஏழு பேர் விலகினால் பலம் ஐந்து, மூன்றில் ஒரு பங்கு 1.67, அதாவது இரண்டு. இரண்டு பேர் வந்தால் கூட்டம் செல்லும். லாப நோக்கமற்ற எட்டாம் பிரிவுக் கம்பெனிகளுக்கு 2015 ஜூனில் வந்த அறிவிக்கை இன்னும் தளர்த்தியது: எட்டு பேர் அல்லது மொத்த பலத்தில் 25 சதவீதம், எது குறைவோ அது, ஆனால் இரண்டுக்குக் குறையக் கூடாது.

முடங்காமல் இருப்பதில் இதற்கு முதலிடம். விலகியவர் விலகியவர்தான், அவருடைய நிழல் கூட்டத்தின்மேல் விழாது. ராஜினாமாவை ஆயுதமாக்க நினைப்பவருக்குத் தன் ஓட்டை இழப்பதைத் தவிர வேறு பலன் இல்லை.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். மிஞ்சியவர்களுக்குக் காலியிடத்தை நிரப்ப எந்த அவசரமும் இருக்காது. குறைந்த ஆட்களோடு வசதியாக ஓடுகிறதே, புதிதாக ஒருவரைக் கொண்டுவந்து கேள்வி கேட்க விடுவானேன் என்று நாட்கள் போகும். வெளியே இருப்பவர்களின் நம்பிக்கை என்பதும் தனிக் கணக்கு. 2023 ஜூனில் பைஜூஸ் நிறுவனத்தின் இயக்குநர் குழுவிலிருந்து முதலீட்டாளர் தரப்பின் மூவர் விலகினார்கள். எஞ்சியவர்கள் நிறுவனர், அவர் மனைவி, அவர் சகோதரர். மூன்று இயக்குநர்கள் உள்ள குழுவுக்கு 174-ஆம் பிரிவுப்படி இரண்டு பேர் கோரம். எண்ணிக்கையில் குறையில்லை. அந்த விலகல்கள் நாடு முழுக்கச் செய்தியானதை எண்ணிக்கையால் தடுக்க முடியவில்லை. அமெரிக்காவில் 23அண்ட்மீ என்ற மரபணுப் பரிசோதனை நிறுவனத்தில் 2024 செப்டம்பரில் சுயேச்சை இயக்குநர்கள் ஏழு பேரும் ஒரே நாளில் விலகினார்கள், தலைமை நிர்வாகி மட்டும் குழுவில் இருந்தார். அடுத்த மாதமே மூன்று புதிய சுயேச்சை இயக்குநர்கள் வந்தார்கள். கோரம் இருக்கிறதா என்பதோடு, இந்தக் குழுவின் கையெழுத்தை நம்பிக் கடன் கொடுக்கலாமா என்பதையும் வெளியுலகம் பார்க்கிறது.

## விதி 4: இருப்பவர்களில் ஒரு பங்கு, அதற்கு ஒரு தரைமட்டம்

மூன்றாம் விதியை எடுத்துக்கொண்டு, இந்த எண்ணுக்குக் கீழே எந்தக் காலத்திலும் போகாது என்று கீழ்வரம்பு போடுவது. 174-ஆம் பிரிவிலும் தரைமட்டம் உண்டு, இரண்டு என்பதால் அது பெரும்பாலும் தட்டுப்படுவதில்லை. நம் சட்டமன்றத்துக்கான அரசியலமைப்பு விதியும் இதே அமைப்புதான்: பத்து உறுப்பினர்கள் அல்லது மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கு, எது அதிகமோ அது. 234 பேர் உள்ள தமிழ்நாடு சட்டப்பேரவைக்கு அது 24.

சங்கங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் நான் பரிந்துரைப்பது இதைத்தான். பங்கு எவ்வளவு என்பதைவிடத் தரைமட்டம் எங்கே என்பதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். மொத்த இடங்களில் மூன்றில் ஒரு பங்கு என்பது என் கணக்கு. 12-க்கு நான்கு, ஒன்பதுக்கு மூன்று. அதற்குக் கீழே போன குழுவை அந்த அமைப்பின் நிர்வாகம் என்று சொல்வதற்கே ஆதாரம் குறைந்துவிடுகிறது, உறுப்பினர்களிடம் திரும்பிப் போவதுதான் முறை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்று பேராவது இருக்க வேண்டும் என்கிறது. அதனால் சங்கத்தின் தரைமட்டத்தை மூன்றுக்குக் கீழே வைப்பதில் அர்த்தமில்லை.

இதன் விலை, படிப்பவருக்குக் கொஞ்சம் குழப்பம். "பங்கு அல்லது எண், எது அதிகமோ" என்பதைப் பலர் "எது குறைவோ" என்று படித்துவிடுகிறார்கள். துணைவிதியிலேயே இரண்டு உதாரண எண்களைப் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு வகையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதலீட்டாளர் ஒப்பந்தங்களில் "முதலீட்டாளர் நியமித்த இயக்குநர் வந்தால்தான் கோரம்" என்று ஒரு வரி இருக்கும். அவர் விலகிவிட்டு முதலீட்டாளர் வேறொருவரை நியமிக்காமல் இருந்தால்? ஒத்திவைத்த கூட்டத்தில் அவர் இல்லாமலும் கோரம் உண்டு என்ற வரி ஒப்பந்தத்தில் இல்லையென்றால் ஒரே ஒருவரின் ராஜினாமா மொத்தக் கம்பெனியையும் நிறுத்திவிடும். கையெழுத்துப் போடுமுன் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

## கோரம் போய்விட்டால் திரும்பி வரும் வழி

எந்த விதியை எடுத்தாலும் ஒருநாள் எண்ணிக்கை அதற்குக் கீழே போகலாம். அப்போது எஞ்சியவர்களுக்கு என்ன அதிகாரம் என்பதைத் தனி வரியாக எழுதாத துணைவிதி எதுவானாலும் அரைகுறைதான்.

எஞ்சியவர்களே நிரப்புவது. இதுவே வேகமானது, செலவு குறைந்தது. 174-ஆம் பிரிவின்படி, எண்ணிக்கை கோரத்துக்குக் கீழே போனால் எஞ்சிய இயக்குநர்கள் இரண்டு காரியம் மட்டும் செய்யலாம்: கோரம் வரும் அளவுக்கு இயக்குநர்களைச் சேர்ப்பது, அல்லது பொதுக்கூட்டம் கூட்டுவது. வேறெதற்கும் அனுமதி இல்லை. இங்கிலாந்தின் மாதிரிக் கம்பெனி விதிகளிலும் இதே இரண்டு அதிகாரங்கள்தான். டெலவேர் சட்டமும் கோரத்துக்குக் குறைவானவர்கள் காலியிடம் நிரப்ப அனுமதிக்கிறது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நம் சட்டத்தின் இந்த மீட்பு வாசகம் பேசுவது சட்டம் நிர்ணயித்த கோரத்தைப் பற்றி. உங்கள் கம்பெனியின் சங்க விதிகள் (ஆர்ட்டிகிள்ஸ் ஆஃப் அசோசியேஷன்) அதைவிட அதிகமாக, ஐந்து பேர் என்று வைத்திருந்து, நான்கு பேர் மிஞ்சினால்? சட்டத்தின் கோரம் இருக்கிறது, உங்கள் விதியின் கோரம் இல்லை. ஆகவே கோரத்தை உயர்த்தி எழுதுபவர்கள் மீட்பு வாசகத்தையும் தாங்களே எழுதிவிட வேண்டும். இடையில் ஏற்பட்ட காலியிடத்தில் குழு நியமித்தவருக்கு அடுத்த பொதுக்கூட்டத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

பொதுக்குழுவிடம் போவது. மெதுவானது, ஆனால் யாரும் கேள்வி கேட்க முடியாதது. மண்டபம், நோட்டீஸ், தபால் என்று செலவு உண்டு. பொதுக்குழுவுக்கும் தனிக் கோரம் உண்டு என்பதைப் பலர் கடைசி நேரத்தில்தான் பார்க்கிறார்கள். குழுவே பிளந்து நிற்கும்போது, எஞ்சியவர்கள் தங்கள் ஆட்களை நிரப்பிக்கொண்டார்கள் என்ற பேச்சு வராமல் இருக்க இந்த வழிதான் நல்லது. கம்பெனியில் இயக்குநர்கள் கூட்ட மறுத்தால் வாக்குரிமையுள்ள பங்கு மூலதனத்தில் பத்தில் ஒரு பங்கு வைத்திருப்பவர்கள் பொதுக்கூட்டம் கூட்டச் சொல்லிக் கேட்கலாம். உங்கள் சங்கத்தின் துணைவிதியிலும் இத்தனை உறுப்பினர்கள் கையெழுத்திட்டால் கூட்டம் என்ற வரி இருக்கட்டும்.

வெளியிலிருந்து நியமனம். எல்லா இயக்குநர்களும் விலகிவிட்டால் நிறுவனத்தைத் தொடங்கிய புரமோட்டர், அவரும் இல்லாவிட்டால் மத்திய அரசு, தேவையான இயக்குநர்களை நியமிக்க வேண்டும் என்று 168-ஆம் பிரிவு சொல்கிறது. பொதுக்கூட்டம் வேறு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்வரை அவர்கள் இருப்பார்கள். இது கடைசி வழி.

முன்கூட்டியே அதிகாரத்தை ஒப்படைப்பது. ஆள் இருக்கும்போதே ஒரு சிறு குழுவுக்கு எல்லா அதிகாரத்தையும் கொடுத்துவிட்டால் கோரம் போனாலும் கவலையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அமெரிக்கத் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் அப்படிச் செய்து பார்த்தது. ஐந்து இடம், மூன்று பேர் கோரம். 2007 கடைசியில் நான்கு பேர் இருந்தார்கள், இருவரின் காலம் முடியப்போகிறது. மூன்று பேர் உட்குழுவுக்கு அதிகாரத்தைக் கொடுத்தார்கள், அதில் ஒருவரும் போய்விட, இருவராகவே 27 மாதம் தீர்ப்பளித்தார்கள். ஏறத்தாழ 600 வழக்குகள். 2010 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், குறைந்தது மூன்று உறுப்பினர் இல்லாமல் அந்த அதிகாரம் நிற்காது என்று சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்புகள் எல்லாம் ஆட்டம் கண்டன. இதோடு 2017-இல் எரிசக்தி ஆணையம் செய்ததை ஒப்பிட்டுப் பாருங்கள். கோரம் போகுமுன் வழக்கமான சில அலுவல்களை மட்டும் ஊழியர்களிடம் ஒப்படைத்தது, பெரிய முடிவுகளைத் தொடவில்லை. சம்பளம், மின்கட்டணம், வரி போன்ற அன்றாடச் செலவுக்கு உச்சவரம்பு போட்டு மேலாளரிடம் கொடுத்துவைப்பது நல்ல ஏற்பாடு. குழுவின் அதிகாரம் முழுவதையும் கொடுத்துவைப்பது கூடாது.

## யார் விலகிவிட்டார், யார் இன்னும் விலகவில்லை

பதவியில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்பதே தகராறில் இருந்தால் எந்த விதியும் உதவாது. ஏழு ராஜினாமாக்கள் என்றால் ஏழு விதமாக இருக்கும். இரண்டு பேர் ஒழுங்காகக் கடிதம் கொடுத்திருப்பார்கள். ஒருவர் "இம்மாதக் கடைசியிலிருந்து" என்று தேதி போட்டிருப்பார். ஒருவர் மின்னஞ்சல். ஒருவர் குழுவின் வாட்ஸ்அப்பில் "என்னை விட்டுவிடுங்கள்" என்று எழுதி வெளியேறியிருப்பார். இருவர் கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள், கையில் காகிதம் இல்லை.

கம்பெனிச் சட்டத்தில் இது தெளிவு. எழுத்தில் நோட்டீஸ் வேண்டும். கம்பெனிக்குக் கிடைத்த நாள், அல்லது கடிதத்தில் குறிப்பிட்ட நாள், இவற்றில் எது பிந்தியதோ அன்று ராஜினாமா நடைமுறைக்கு வரும். யாரும் ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. சங்கங்களில்தான் வம்பு. "ராஜினாமா செயற்குழு ஏற்றுக்கொண்டபின் நடைமுறைக்கு வரும்" என்ற வரியைப் பல துணைவிதிகளில் பார்க்கலாம். ஏற்றுக்கொள்ளக் கூட்டம் வேண்டும், கூட்டத்துக்குக் கோரம் வேண்டும், ஏற்றுக்கொள்ளும்வரை விலகியவர்களும் பதவியில் இருப்பதாகக் கணக்கு. மூன்றாம் விதியையோ நான்காம் விதியையோ வைத்திருந்தாலும் இந்த ஒரு வரி அதை இரண்டாம் விதியாக மாற்றிவிடும். அதை எடுத்துவிட்டுக் கம்பெனிச் சட்டத்தின் ஏற்பாட்டை எழுதிக்கொள்ளுங்கள்.

## யாருக்கு எது

ஐந்து பேருக்கு உட்பட்ட, ஆட்கள் அடிக்கடி மாறாத அறக்கட்டளைக்கு நிலையான எண் போதும். எஞ்சியவர்களே நிரப்பலாம் என்ற வரி கூடவே இருக்க வேண்டும்.

பல தரப்பினர் இடம் பங்கிட்டுக்கொண்ட அமைப்புகள், அதாவது நான்கு ஊர்கள் சேர்ந்து நடத்தும் கோயில் திருப்பணிக் குழு, இரண்டு குடும்பங்களின் கூட்டு நிறுவனம் போன்றவற்றுக்கு இரண்டாம் விதி. அங்கே ஒரு தரப்பு மொத்தமாக வெளியேறிவிட்டால் மற்ற தரப்பு தனியாக நடத்தாமல் நிற்பதுதான் நியாயம்.

தினமும் பணம் புழங்கும், ஒரு வாரம் நின்றால்கூட நஷ்டமாகும் சிறு கம்பெனிக்கு மூன்றாம் விதி, அதாவது சட்டம் தரும் ஏற்பாடே போதும். இரண்டே இயக்குநர்கள் உள்ள பிரைவேட் லிமிடெட் மட்டும் எச்சரிக்கையாக இருக்கட்டும். ஒருவர் விலகினால் மற்றவரால் தனியாகக் குழுக் கூட்டம் நடத்த முடியாது. மூன்றாவதாக ஒருவரை இப்போதே சேர்த்துக்கொள்வது மலிவான காப்பீடு.

குடியிருப்போர் சங்கம், பள்ளிச் சங்கம், மன்றம், தொண்டு நிறுவனம் எல்லாவற்றுக்கும் நான்காம் விதி. சொத்து வாங்கல் விற்றல், கடன், துணைவிதித் திருத்தப் பரிந்துரை ஆகிய மூன்றுக்கு மட்டும் மொத்த இடங்களில் பெரும்பான்மை வேண்டும் என்று தனியே பிரித்து எழுதிவிட்டால் இரண்டாம் விதியின் பாதுகாப்பும் கிடைத்துவிடும்.

அந்தத் தனிப்பிரிவு நீங்கலாக, நான்காம் விதியின் வாசகம் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"குழுக் கூட்டத்துக்கான கோரம், கூட்ட நாளில் பதவியில் உள்ள உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அல்லது நான்கு பேர், எது அதிகமோ அது. (உதாரணம்: எட்டு பேர் பதவியில் இருந்தால் ஐந்து, ஐந்து பேர் இருந்தால் நான்கு.) காலியிடங்கள் கணக்கில் சேராது. பதவியில் உள்ளவர்கள் நான்குக்குக் கீழே குறைந்தால், எஞ்சியவர்கள் காலியிடங்களை நிரப்பவும் பொதுக்குழுவைக் கூட்டவும் மட்டுமே அதிகாரம் உடையவர்கள். 30 நாளுக்குள் அவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்யாவிட்டால் உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினர் தாங்களே பொதுக்குழுவைக் கூட்டலாம்."

திருத்தத்துக்குப் பொதுக்குழுவின் சிறப்புத் தீர்மானமும் பதிவாளரிடம் பதிவும் வேண்டும். ஆகவே குழு முழுதாக இருக்கும்போது, வரும் ஆண்டுப் பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலிலேயே இதைச் சேர்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஆட்கள் போய்விட்ட குழு என்றால் வேலைகளை வரிசை மாற்றாமல் செய்ய வேண்டும். முதலில் ஒவ்வொரு ராஜினாமாவும் எந்தத் தேதியில் செல்லுபடியாகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். வாயால் மட்டும் சொன்னவர்களிடம் இரண்டு வரி எழுதி வாங்குங்கள். பிறகு முதல் கூட்டத்துக்கான நோட்டீஸ், அதில் ஒரே ஒரு பொருள்: காலியிடம் நிரப்புதல். கம்பெனி என்றால் ஏழு நாள் நோட்டீஸ் வேண்டும், அவசர அலுவலுக்குக் குறைந்த நோட்டீஸில் கூட்டவும் சட்டத்தில் இடம் உண்டு. உள்ளே வருபவரின் சம்மதக் கடிதமும் இயக்குநர் அடையாள எண்ணும் அன்றைக்கே கையில் இருக்கட்டும், 30 நாளுக்குள் படிவம் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். வங்கிக் கையெழுத்து மாற்றமும் சம்பளமும் அதற்கு அடுத்த கூட்டத்தில், புதியவர்களும் உட்கார்ந்தபின் வரட்டும். இரண்டையும் ஒரே கூட்டத்தில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால், எஞ்சியவர்களுக்கு அன்று எதற்கு மட்டும் அதிகாரம் இருந்தது என்ற வரியைப் படித்துக் காட்டுங்கள்.